வருகிறீர்களா, எத்தனை பேர்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு மாலைப் பேச்சு

மதுரை அண்ணன்: எல்லோருக்கும் வணக்கம். தங்கச்சி கல்யாணப் பத்திரிகையை இந்தக் குழுவில் போட்டு நாளாகிவிட்டது. கட்டைவிரலும் கும்பிடும் நிறைய வந்திருக்கின்றன, ஆனால் யார் வருகிறீர்கள், எத்தனை பேர் என்று பாதி வீடுகளிலிருந்து பதில் வரவில்லை. சமையல்காரர் வெள்ளிக்கிழமைக்குள் இலைக்கணக்குக் கேட்கிறார். சனி இரவு ரிசப்ஷன், ஞாயிறு காலை டிபன், மதியச் சாப்பாடு, மூன்றும் தனித்தனிக் கணக்கு. எந்த வேளைக்கு எத்தனை பேர் என்று எழுதிவிடுங்கள்.

திருச்சி அத்தை: நாங்கள் 4 பேர் மருமகனே. மூன்று வேளைக்கும் போட்டுக்கொள்.

சென்னைச் சித்தப்பா: பார்க்கலாம்பா, முயற்சி பண்ணுகிறேன்.

தென்காசிப் பெரியப்பா: தம்பி, நீ கேட்பது சரிதான். ஆனால் எனக்குத் தோன்றுவதையும் சொல்கிறேன். நாலு மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகையைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்து, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சேர்ந்து நின்று கொடுத்தால்தான் எங்கள் காலத்தில் அதற்குப் பெயர் அழைப்பு. வாங்கிக்கொள்ளும்போதே "நாங்கள் இத்தனை பேர் வந்துவிடுவோம், நான் முந்தின நாளே வந்து பந்தியைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று அங்கேயே பேச்சு முடிந்துவிடும். குழுவில் படம் போட்டால் அது எல்லோருக்கும் போன தகவல். தனக்கென்று யாரும் அழைத்ததாக நினைப்பதில்லை, அதனால் தனக்கென்று பதிலும் சொல்வதில்லை.

மதுரை அண்ணன்: நியாயம்தான் பெரியப்பா. உங்கள் வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் தாய்மாமன் வீட்டுக்கும் நேரில் வந்தோம். அப்பாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனில்தான் அழைக்க முடிந்தது.

பெங்களூரு அக்கா: தம்பி, வெளியூர்க்காரர்கள் கஷ்டம் வேறு. ரயில் முன்பதிவு முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்னால் திறக்கும், 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். முகூர்த்த நாளை ஒட்டிய சனி ஞாயிறு என்றால் திறந்த வேகத்தில் வெயிட்டிங் லிஸ்டுக்குப் போய்விடுகிறது. பத்திரிகை அச்சாகி, குலதெய்வத்துக்கு வைத்து, அதற்கப்புறம் சொன்னால் எங்களுக்கு டிக்கெட் ஏது? முகூர்த்தம் குறித்த அன்றே சித்தி போன் பண்ணித் தேதியைச் சொன்னதால்தான் தூத்துக்குடி வண்டியில் எனக்கு இடம் கிடைத்தது. பத்திரிகை மெதுவாக வரட்டும், தேதி முதலில் வர வேண்டும். நான் மட்டும் வருகிறேன், பையனுக்குத் திங்கட்கிழமை பரீட்சை.

மதுரைப் பெரியம்மா (கல்யாணப் பெண்ணின் அம்மா): நீ வந்தால் போதும்மா.

திருச்சி அத்தை: ஒரு வீட்டுக்கு இன்னும் பத்திரிகை போகவில்லை என்று காதில் விழுந்தது அண்ணி. பெயரை இங்கே எழுதவில்லை, போனில் சொல்கிறேன். விடுபட்டிருந்தால் யாராவது ஒருவர் இப்படித் தனியாகக் கேட்டுச் சொல்லிவிட வேண்டும். மனதில் வைத்திருந்து கல்யாணத்துக்கு அப்புறம் சொன்னால் இரண்டு பக்கமும் ஆறாது.

மதுரைப் பெரியம்மா: சொல்லுங்கள், நாளைக்கே போய் வைத்துவிட்டு வருகிறோம்.

சிவகாசிச் சித்தி: நானும் என் மகனும் மூன்று வேளைக்கும் வருகிறோம் அக்கா. மகனோடு வேலை பார்க்கும் 3 பேர் மதுரையில் இருக்கிறார்கள், அவர்களையும் கூட்டிவரலாமா என்று கேட்கிறான். உங்கள் வசதியைப் பார்த்துச் சொல்லுங்கள், இல்லையென்றாலும் வருத்தமில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் போன பிறகு எங்கள் வீட்டுக்கு வருகிற பத்திரிகைகளில் மகன் பெயர் மட்டும்தான் இருக்கிறது. நான் எதிரில் நிற்கும்போதே அவனைக் கூப்பிட்டு அவன் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நீங்கள் என் பெயரை எழுதி, என் கையில் கொடுத்தீர்கள். அதை நான் மறக்க மாட்டேன்.

மதுரைப் பெரியம்மா: நீ இல்லாமல் என் பெண்ணுக்கு என்ன கல்யாணம்? சனிக்கிழமை காலையிலேயே வந்துவிடு. அந்தப் பிள்ளைகளையும் வரச் சொல்.

சென்னைச் சித்தப்பா: அண்ணி, கல்யாண வீட்டில் வர முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அபசகுனமாகப் போய்விடுமோ என்று தோன்றியது. பெரியவளுக்கு அந்த வாரத்தில்தான் பிரசவத் தேதி கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் அவளோடு இருந்தாக வேண்டும். அவள் தம்பியை மட்டும் அனுப்புகிறேன், ஞாயிறு காலை டிபனுக்கும் மதியத்துக்கும் ஒரு இலை.

மதுரைப் பெரியம்மா: அய்யோ, இதைச் சொல்வதற்கா இவ்வளவு யோசனை? நல்லபடியாகப் பிரசவம் ஆகட்டும். பெண்ணையும் மாப்பிள்ளையையும் சென்னைக்கு அனுப்பிவைக்கிறேன், அங்கே பார்த்துக்கொள்ளுங்கள்.

தென்காசிப் பெரியப்பா: வர முடியாது என்று முன்கூட்டியே சொல்வதில் எந்தக் குறையும் இல்லை தம்பி. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்தால்தான் போட்ட இலை காய்கிறது. நாங்கள் 6 பேர், சனி இரவிலிருந்து.

மதுரை அண்ணன்: எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். சைவம், சர்க்கரை இல்லாத காபி என்று தனியாக ஏதாவது வேண்டுமென்றால் எனக்குச் சொல்லுங்கள், தங்கச்சியைக் கேட்க வேண்டாம், அவளுக்குப் போன் வந்துகொண்டே இருக்கிறது. இன்னும் 9 வீடுகள் பாக்கி. அவர்களுக்குச் செய்தி அனுப்பவில்லை, இன்று ராத்திரி அப்பாவும் நானும் ஒவ்வொருவராகப் போனில் கூப்பிடுகிறோம்.