பெட் ஃப்ரெண்ட்லினு சொன்னாங்க, போய் நின்னா கதையே வேற

சேலத்துக்காரன்:
ஏற்காட்டுல ரூம் போடறதுக்கு முன்னாடி போன்ல தெளிவா கேட்டேன், "நாய் ஓகேங்க, கூட்டிட்டு வாங்க"ன்னாங்க. 20 கொண்டை ஊசி வளைவு, பதினாலாவதுல நம்ம நாய்ப்பய வாந்தி எடுத்துட்டான், அதைத் தொடச்சு நாத்தத்தோட மேல போய்ச் சேர்ந்தா, ரிசப்ஷன்ல இவன் எறங்குறதப் பாத்ததும் "சார், இவ்ளோ பெருசா?"ங்கறாங்க. ராஜபாளையம்ங்க, பின்ன எலிக்குட்டி மாதிரியா இருக்கும். ஜெனரேட்டர் ஷெட்டுல கட்டிக்கோங்கன்னாங்க. நான் கார்லயே படுத்துட்டேன். கியர் ராடு இடுப்புல குத்துது, அவன் தலை என் தொடை மேல, ரெண்டு பேரு மூச்சுல கண்ணாடி பூரா ஆவி படிஞ்சு வெளிய ஒண்ணும் தெரியல. அட்வான்ஸும் திருப்பித் தரல.

மியாவ் அம்மா:
நாய்க்காரங்களுக்காச்சும் ஷெட்டு கெடைக்குது. கொடைக்கானல்ல என் பூனைக் கூடையைப் பாத்துட்டு ஒரு பெரியவர், "காலைல கெஸ்ட் கெளம்பறப்ப குறுக்க போயிடுச்சுன்னா அவங்க திரும்ப ரூமுக்குப் போயிருவாங்கம்மா"ன்னாரு. சிரிக்காம சொன்னாரு.

ஊர்சுத்தி:
சேலத்துக்காரரே, தப்பு உங்க மேலதான். நாய் ஓகேவானு கேட்டா எல்லாரும் ஓகேன்னுதான் சொல்வாங்க. என்ன ஜாதி, எத்தன கிலோ, ரூமுக்குள்ளயா வெளியவா, க்ளீனிங் சார்ஜ் தனியா உண்டா, இவ்வளவும் கேட்டு வாட்ஸப்புல எழுத்துல வாங்கணும், போட்டோ அனுப்பணும். வெறிநாய் ஊசி போட்ட சர்டிபிகேட் கையில இருக்கணும். மலை ஏறப்போறோம்னா கெளம்பறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடியே சாப்பாட்ட நிறுத்திடணும், வயிறு நெறஞ்சிருந்தா வளைவுல வாந்தி வர வாய்ப்பு அதிகம். ஊட்டி, வால்பாறை பக்கம் ராத்திரி வெளிய கட்டவே கூடாது, சிறுத்தை தூக்கிட்டுப் போயிரும், நீங்களும் அவனை அந்த ஷெட்டுல கட்டாததே நல்லது. ட்ரெயின்னா ஃபர்ஸ்ட் ஏசில ரெண்டு பெர்த் கூப்பேயோ நாலு பெர்த் கேபினோ முழுசா உங்க பேர்ல இருந்தாதான் கூட வெச்சுக்கலாம், இல்லைன்னா ரயில் கார்டு வர்ற வேன்ல நாய்ப் பொட்டிக்குள்ளதான். செகண்ட் ஏசி, தேர்ட் ஏசில ஏத்த மாட்டாங்க. எனக்கு இதுவரைக்கும் ஒரு பிரச்சனையும் வந்ததில்ல.

சுண்டல் வீடு:
ஊர்சுத்தி அண்ணா, எல்லாம் கேட்டுத்தான் போனேன். ஊட்டிக்கு இ-பாஸ் எடுத்து (2024 மே மாசத்துல இருந்து அது வேற), சர்டிபிகேட் லேமினேட்டே பண்ணி வெச்சிருந்தேன். பக்கத்து ரூம் லேப்ரடாருக்கு மெத்தை போட்டிருக்காங்க. என் சுண்டலப் பாத்து "இது தெரு நாயாச்சே மேடம்?"ங்கறாங்க. ஆமா, தெருவுல இருந்துதான் எடுத்தேன், இப்ப எங்க வீட்டுப் பொண்ணு. வராண்டா வரைக்கும்தான் அனுமதின்னாங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல ரூம் பாய் ஒரு சாக்கை நாலா மடிச்சு எடுத்துட்டு வந்து, அக்கா, குளிரும், உள்ள கூப்ட்டுக்கோங்க, காலைல அஞ்சு மணிக்கு மேனேஜர் வர்றதுக்குள்ள வெளிய விட்ருங்கன்னான். நாலே முக்காலுக்கு அலாரம் வெச்சு எந்திரிச்சேன். பக்கத்து ரூம் கதவுக்குப் பின்னாடி அந்த லேப் குரைச்சுக்கிட்டே இருந்துச்சு, என்னுது சத்தமே போடல.

சேலத்துக்காரன்:
ஊர்சுத்தி சார், போட்டோவும் அனுப்பித்தான் இருந்தேன். மூணு மாசக் குட்டியா இருந்தப்ப எடுத்தது. அதுலதான் நல்லா இருப்பான்.