பீஸ்ட் ஷூ வாங்கலாமா, கயானோவே போதுமா? பாதம் உள்பக்கம் சாய்பவரின் சந்தேகம்

ரேஸ்கோர்ஸ்காலை
வணக்கம். வயது 41, எடை 86 கிலோ. மூன்று வருடமாகக் கோவை ரேஸ் கோர்ஸ் சுற்றில் ஓடுகிறேன். டிசம்பர் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தாயிற்று. ஐந்து வாரமாக இடது கணைக்கால் எலும்பின் உள்பக்க விளிம்பில் வலி. முதல் ஒரு கிலோமீட்டர் பிடுங்கும், நடுவில் மறந்துபோகும், வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுந்தால் திரும்ப ஆரம்பிக்கும்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு கடையில் டிரெட்மில்லில் ஓடவிட்டு வீடியோ எடுத்தார்கள். இரண்டு கணுக்காலும் உள்ளே சாய்கிறது, ஓவர்புரொனேஷன் என்றார்கள். ஏசிக்ஸ் கயானோ வாங்கினேன், கூடவே உள்ளங்கால் வளைவைத் தாங்கும் இன்சோல் ஒன்றும் கொடுத்தார்கள். இப்போது வலி என்று போனால், "ஸ்டெபிலிட்டி ஷூ உங்களுக்குப் பத்தாது, மோஷன் கன்ட்ரோல்தான் வேண்டும்" என்கிறார்கள். கயானோ மாதிரி சாய்வதைத் தாங்குவது ஸ்டெபிலிட்டி, அதைவிடக் கெட்டியாகத் தடுப்பது மோஷன் கன்ட்ரோலாம்.

தங்கை வீட்டுக்காரர் நியூ ஜெர்சியிலிருந்து அடுத்த மாதம் வருகிறார். பெட்டியில் ஒரு ஜோடிக்குத்தான் இடம். புரூக்ஸ் பீஸ்ட் ஜிடிஎஸ் என்ற மோஷன் கன்ட்ரோல் ஷூவைச் சொல்லிவிடலாமா? போட்டுப் பார்க்காமல் வாங்குவதால் பயமாக இருக்கிறது. இன்னொரு குழப்பம்: என் பழைய ஷூவில் குதிகாலின் வெளிப்பக்கம்தான் தேய்ந்திருக்கிறது. உள்ளே சாய்கிற காலுக்கு உள்பக்கம்தானே தேய வேண்டும்?

கரையோரம்10கே
தேய்மானத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள் சகோ. குதிகாலால் தரை தொடுபவர்களில் பெரும்பாலோர் வெளி விளிம்பில்தான் இறங்குவார்கள். பாதம் அதற்குப் பிறகுதான் உள்ளே உருளும். பாதம் எவ்வளவு சாய்பவராக இருந்தாலும் குதிகால் வெளிப்பக்கம் தேயத்தான் செய்யும்.

கணைக்கால்மருந்து
நான் பிசியோதெரபிஸ்ட். ஷூ பேச்சுக்கு முன் நான்கு விஷயம் தெரிய வேண்டும். விரலால் எலும்பை அழுத்திக்கொண்டே போனால் வலி ஒரே புள்ளியில் குத்துகிறதா, ஒரு நீளத்துக்குப் பரவியிருக்கிறதா? இரவில், சும்மா படுத்திருக்கும்போது வலிக்கிறதா? ஒற்றைக் காலில் நின்று குதிகாலை எத்தனை முறை தூக்க முடிகிறது? கடைசி இரண்டு மாதத்தில் வாரத்துக்கு எத்தனை கி.மீ. ஓடினீர்கள்? அப்புறம், அந்த இன்சோலை ஷூவுக்குள் எப்படிப் போட்டிருக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.

ரேஸ்கோர்ஸ்காலை
புள்ளி இல்லை, உள்ளங்கை நீளத்துக்கு வலி. இரவில் இல்லை. குதிகால் தூக்குவதை இப்போதுதான் சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு செய்து பார்த்தேன். வலது கால் 21, இடது கால் 8. எட்டுக்கு மேல் கால் நடுங்குகிறது. வாரத்துக்கு 18 கி.மீ. ஓடிக்கொண்டிருந்தவன், பயிற்சி அட்டவணை பார்த்து நான்கே வாரத்தில் 34-க்குப் போய்விட்டேன்.

இன்சோல் கெட்டி பிளாஸ்டிக். கயானோவில் ஏற்கனவே இருக்கும் பஞ்சுத் தகட்டின் மேலேயே வைத்திருக்கிறேன், அப்படித்தான் போட்டுக் கொடுத்தார்கள். ஓடி முடித்துக் கழற்றினால் இடது உள்ளங்கால் வளைவில் எட்டணா அளவுக்குச் சிவந்திருக்கும். லேஸை இறுக்கினாலும் குதிகால் பின்னால் எழும்பி எழும்பி வரும்.

கணைக்கால்மருந்து
விஷயம் அந்த இன்சோலில்தான் இருக்கிறது. கயானோவே பாதத்தை உள்ளே சாயவிடாமல் தாங்கும் ஷூ. அதற்குள் கெட்டி இன்சோல் வைத்தால் ஒரே வேலையை இரண்டு பேர் செய்கிறார்கள். அதையும் பழைய தகட்டின் மேல் வைத்ததால் உங்கள் கால் ஷூவுக்குள் உயர்ந்து நிற்கிறது. குதிகாலைப் பிடிக்க வேண்டிய கப்பிலிருந்து மேலே வந்துவிட்டதால்தான் எழும்புகிறது. இந்த நிலையில் பீஸ்ட் வாங்கி அதற்குள்ளும் இதே இன்சோலைப் போட்டால் அதே இரண்டு பேர் வேலைதான் தொடரும்.

இன்றே இன்சோலை எடுத்துவிட்டு ஷூவோடு வந்த தகட்டோடு மட்டும் ஓடுங்கள். வாரம் 18 கி.மீ.க்குத் திரும்புங்கள். இடது கெண்டைக்காலுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், மெதுவாகக் குதிகால் தூக்கும் பயிற்சி. உங்கள் வலிக்கு நான் முதலில் சந்தேகப்படுவது 18 என்பது 34 ஆனதையும் அந்த 8-ஐயும்தான். கணுக்கால் சாய்வது மூன்று வருடமாகவே இருந்திருக்கும், அப்போதெல்லாம் வலிக்கவில்லையே.

வலி ஒரே புள்ளியில் ஒடுங்கினாலோ, ஓய்விலும் வலித்தாலோ, ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எலும்பில் மயிரிழை விரிசல் இருந்தால் எந்த ஷூவும் காப்பாற்றாது.

அலைஓரஅக்கா
தம்பி, ஷூ ஒப்பீட்டுக்கு நான் வருகிறேன். பீஸ்டின் பெண்கள் வடிவமான ஏரியல் இரண்டு ஜோடி ஓடித் தேய்த்திருக்கிறேன், இப்போது கயானோ.

பழைய மோஷன் கன்ட்ரோல் ஷூக்களில் உள்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு கெட்டி ஃபோம் கட்டி தெரியும். கட்டைவிரலால் அழுத்தினால் வெளிப்பக்கம் அமுங்கும், உள்பக்கம் கல் மாதிரி நிற்கும். இன்று அது பெரும்பாலும் போய்விட்டது. பீஸ்ட், ஏரியல் இரண்டிலும் இப்போது இருப்பது கைட்ரெயில்ஸ்: குதிகாலின் இரு பக்கமும் வரப்பு போல உயர்ந்த விளிம்பு. கால் அளவு மீறிச் சாய்ந்தால் அது தடுக்கும், இல்லாவிட்டால் இருப்பதே தெரியாது. 2023-இல் வந்த கயானோ 30-இலும் கெட்டிக் கட்டியை எடுத்துவிட்டார்கள். அடிப்பகுதியை அகலமாக்கி, வளைவுக்குக் கீழே அமுங்கி எழும்பும் ஃபோம் வைத்தார்கள். ஹோகா அராகி என்ற இன்னொரு ஸ்டெபிலிட்டி ஷூவில், அராகி 7 வரை, உள்பக்கம் நீண்டு குதிகாலைச் சுற்றி வரும் ஜே வடிவக் கெட்டி ஃபோம் இருந்தது. ஆக, "ஸ்டெபிலிட்டி பத்தாது, மோஷன் கன்ட்ரோல் எடு" என்று படிக்கட்டு மாதிரி சொல்வது இன்றைய ஷூக்களுக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

பீஸ்ட் உங்களுக்கு என்ன தரும்? அகலமும் எடையும். ஆண்கள் அளவில் ஒரு ஷூ சுமார் 350 கிராம், கயானோ 300 அளவில் இருக்கும். பீஸ்ட்டில் குதிகால் முன்பாதத்தைவிட 12 மி.மீ. உயரம், கயானோ 30-இல் 10. 2ஈ, 4ஈ என்ற கூடுதல் அகலங்களிலும் பீஸ்ட் கிடைக்கும். பரந்த பாதமும் கூடுதல் எடையும் உள்ளவர்கள் அதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். ஏரியல் போட்டு நடக்க எனக்கு அவ்வளவு சுகம். ஆனால் 12 கி.மீ. தாண்டினால் காலில் செங்கல் கட்டியது போல இருக்கும். கயானோவுக்கு மாறியபின் அந்தக் கனம் இல்லை, வலியும் வரவில்லை.

கரையோரம்10கே
ஆய்வுகளும் ஒரே பக்கம் பேசவில்லை. லக்சம்பர்க்கில் 372 பேரை ஆறு மாதம் கவனித்து 2016-இல் வெளியான ஆய்வில், பாதம் உள்ளே சாய்பவர்களுக்கு மோஷன் கன்ட்ரோல் ஷூவில் காயம் குறைந்தது. 2011-இல் வெளியான இன்னொன்றில் 81 பெண்கள் 13 வாரம் அரை மாரத்தானுக்குப் பயிற்சி எடுத்தார்கள். அதில் சாயாத பாதத்துக்கும் சாய்கிற பாதத்துக்கும் அந்த ஷூ கூடுதல் வலி தந்தது. ஆனால் மிக அதிகம் சாய்பவர்களைப் பற்றி முடிவு சொல்ல ஆட்கள் போதவில்லை. டென்மார்க்கில் 927 புது ஓட்டக்காரர்களுக்கு ஒரே சாதாரண ஷூவைக் கொடுத்து ஒரு வருடம் பார்த்தார்கள். சாய்கிற பாதம் என்பதற்காகக் காயம் கூடவில்லை. ஆகவே இந்த ஷூ சிலருக்கு உதவும், வீடியோவில் கணுக்கால் சாய்வதை மட்டும் பார்த்து யாருக்கு என்று சொல்ல முடியாது. போட்டு ஓடும்போது காலுக்கு இதமாக இருக்கிறதா என்பதற்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். அதனால்தான் ஓடிப் பார்க்காத பீஸ்டை, திருப்பிக் கொடுக்க வழியில்லாத தூரத்திலிருந்து வரவழைக்க வேண்டாம் என்கிறேன்.

ரேஸ்கோர்ஸ்காலை
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அன்றைக்கே இன்சோலை எடுத்துவிட்டேன். குதிகால் எழும்புவது அடுத்த ஓட்டத்திலேயே நின்றது, உள்ளங்கால் சிவப்பு ஒரு வாரத்தில் போனது. கணைக்கால் வலி அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. முதல் பத்து நாள் அப்படியே இருந்தது, மனசு விட்டுப்போய் மச்சானுக்கு "பீஸ்டே வாங்கிவிடுங்கள்" என்று எழுதி, அனுப்பாமல் அழித்தேன். இப்போது முதல் கிலோமீட்டரில் லேசாகத் தெரிகிறது, அவ்வளவுதான். இடது காலில் குதிகால் தூக்குவது 8-லிருந்து 14.

காலை நோட்டில் வைத்து வரைந்து பார்த்ததில் என் முன்பாதம் கயானோவின் தகட்டைவிட இரண்டு பக்கமும் வெளியே வருகிறது. அக்கா சொன்ன 2ஈ அப்போதுதான் ஞாபகம் வந்தது. மச்சானிடம் அதே கயானோவை 2ஈ அகலத்தில் சொல்லலாமா?

அலைஓரஅக்கா
சொல்லுங்கள் தம்பி. வரைந்ததை மாலையில் ஒருமுறை, ஓடிவிட்டு வந்தபின் திரும்ப வரையுங்கள், அப்போது பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். அந்த அளவை அனுப்புங்கள். நீளத்தை அரை சைஸ் கூட்டி அகலத்தைச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள், குதிகால் மறுபடி எழும்பும்.

கணைக்கால்மருந்து
14 நல்ல முன்னேற்றம். இரண்டு காலும் 20-ஐத் தொடும்வரை நீள ஓட்டத்தைக் கூட்ட வேண்டாம். அதன்பின் வாரத்துக்கு இரண்டு மூன்று கி.மீ. மட்டும். டிசம்பருக்கு நேரம் இருக்கிறது.