புதுப்பிப்பு: ஆக்டேவியா ஆர்எஸ் மறுபடி மூச்சு விட்டது

பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் கார் ஒன்றை வாங்கி, வீட்டு ஷெட்டில் இன்ஜினைப் பிரிக்கப் போவதாகப் போன முறை எழுதியிருந்தேன். இன்ஜின் சூடானதும் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடவிடும்போது, ஆயில் பிரஷர் குறைவு என்று எச்சரிக்கும் விளக்கு எரிகிறது என்பதுதான் பிரச்சினை. காரணம் கிடைத்துவிட்டது.

ஆயில் சம்பை (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) கழற்றினால் அடியில் அல்வா மாதிரி கருப்புக் கசடு. ஆயில் உறிஞ்சும் குழாயின் வலையில் பாதிக்கு மேல் அடைப்பு. நகத்தால் சுரண்டினால் கரித்துகளாக உதிர்ந்தது. முன்பு வைத்திருந்தவர் நேரத்துக்கு ஆயில் மாற்றவில்லை. டர்போ சூட்டில் வெந்த ஆயில் இப்படித்தான் கரியாகும்.

ரிங், பேரிங், ஆயில் பம்ப், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் எல்லாம் புதுசு. முதலில் ஃபியூல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, தீப்பொறி தரும் இக்னிஷன் காயில்களின் கனெக்டர்களையும் கழற்றிவிட்டு, இன்ஜின் பிடிக்காமல் ஆயில் மட்டும் ஏறட்டும் என்று, ஆயில் பிரஷர் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றவிட்டேன். அப்புறம் ஃபியூஸையும் கனெக்டர்களையும் போட்டுச் சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது! கண் கலங்கிவிட்டது.

கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் தரும் அழுத்தம்) நாலு சிலிண்டரிலும் 11 பாருக்கு மேல்; நல்ல அளவுதான்.

சரி, ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது) பற்றிப் பலர் கேட்டீர்கள். இது 1.8 லிட்டர், 20 வால்வு, 150 பிஎஸ் (குதிரைத்திறன்) இன்ஜின். கூட்டலாம், ஆனால் மிதமாகத்தான். குறைந்த ஆர்பிஎம்மிலேயே டார்க் (சுழற்றும் விசை) எகிறினால், பிஸ்டனை கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கம்பெனி கனெக்டிங் ராட் வளைந்துவிடலாம். ரீமேப்புக்கு முன் பிரேக்கும் சஸ்பென்ஷன் புஷ்ஷும் மாற்ற வேண்டும். 500 கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை வடித்துப் பார்க்கிறேன்.