மாடிக் குளியலறையில் தண்ணீர் மெலிந்து வருகிறது: பெரிய தொட்டி வைத்தால் சரியாகுமா?

கேள்வி:
எங்கள் வீட்டில் தரைத்தளமும் முதல் தளமும் உள்ளன. மொட்டை மாடித் தரையிலேயே 1000 லிட்டர் தொட்டியை வைத்திருக்கிறோம். கீழே தண்ணீர் நன்றாகப் பாய்கிறது; முதல் தளத்து ஷவரிலோ நூல் போல இறங்குகிறது, கீழே யாராவது குழாயைத் திறந்தால் அதுவும் நின்றுவிடுகிறது. 2000 லிட்டர் தொட்டி வைத்தால் அழுத்தம் கூடும் என்கிறார் பிளம்பர். வைக்கலாமா?

பதில் 1:
வேண்டாம். அழுத்தத்தைத் தீர்மானிப்பது தொட்டியின் கொள்ளளவு அன்று. தண்ணீரின் மேல்மட்டம் குழாய் வாயைவிட எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதே. ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். உங்கள் ஷவர் 7 அடி உயரத்தில் இருந்தால், தொட்டியின் அடிப்பாகம் அதற்கு மேல் மூன்று, நான்கு அடிதான் இருக்கும். தொட்டி காலியாகும் நேரத்தில் அது 0.1 பார் அளவுதான். கீழ்த்தளத்துக்கு மேலும் 10 அடி கிடைப்பதால் அங்கே குறை தெரிவதில்லை.

பதில் 2:
மேலே சொன்ன கணக்கு குழாய் மூடியிருக்கும்போது பொருந்துவது. தண்ணீர் ஓடத் தொடங்கியதும், குழாயின் உட்சுவரில் உராய்ந்தும் ஒவ்வொரு எல்போவிலும் (குழாய் வளையும் இணைப்பு) திரும்பியும் அந்த அழுத்தத்தில் ஒரு பகுதி செலவாகிவிடும். மிஞ்சுவதுதான் ஷவருக்கு வந்து சேரும். கீழே திறந்தால் மேலே நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே விடை இருக்கிறது: இரண்டு தளங்களுக்கும் ஒரே குழாய் இறங்குகிறது என்றே நினைக்கிறேன். ஓட்டம் இரட்டித்தால் உராய்வு இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். விட்டம் குறைந்தால் இன்னும் மோசம்: அதே அளவு தண்ணீர் முக்கால் அங்குல உள்விட்டத்துக்குப் பதிலாக அரை அங்குலத்தில் ஓடினால் இழப்பு ஏழு மடங்கைத் தாண்டும். ஆகவே முதல் தளத்துக்கென்று தொட்டியிலிருந்தே தனியாக ஓரங்குலக் குழாய் இறக்குங்கள். அதற்கு முன் ஷவர் தலையைக் கழற்றிப் பாருங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரானால் துளைகளில் உப்பு அடைத்திருக்கலாம்.

கேள்வி கேட்டவர்:
கழற்றினோம். துளைகளில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தபின் சற்றுத் தேவலை. ஆனாலும் கீழே திறந்தால் நின்றுதான் போகிறது. தனிக் குழாயோடு தொட்டியையும் உயர்த்தலாமா?

பதில் 3:
தாராளமாக உயர்த்தலாம்; ஆறடி ஏற்றினாலே ஷவருக்குக் கிடைக்கும் உயரம் இரட்டிப்புக்கும் மேலாகும். ஆனால் 1000 லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை, ஆகையால் மேடையின் கால்கள் தளத்தின் நடுவில் அல்லாமல் தூண்கள் அல்லது உத்தரங்களின் மேல் அமைய வேண்டும். கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிட்டே தொடங்குங்கள். புதிய குழாயில், தண்ணீரை அடைக்கும் கேட் வால்வைத் தாண்டியதும், தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே நீளும் காற்றுக் குழாய் ஒன்றையும் வைக்கச் சொல்லுங்கள். இவ்வளவு குறைந்த அழுத்தத்தில், உள்ளே சிக்கும் காற்றே ஓட்டத்தை நிறுத்திவிடக்கூடும்.