பரிசோதனை எல்லாம் சரி, ரத்தம் மட்டும் நிற்கவில்லை

ரத்தம் எளிதில் உறையாத நோய் என்றால் பலரும் ஹீமோபிலியா பற்றியே எழுதுவதால், அதிகம் பேசப்படாத காரணி 13 குறைபாடு (ரத்தம் உறைய உதவும் ஒரு புரதம் போதாமல் இருப்பது) எங்கள் வீட்டுக்குள் வந்த விதத்தைச் சொல்கிறேன்.

குளச்சலில் இருக்கும் என் அக்கா மகளுக்குத் தொப்புள்கொடி விழுந்த இடத்தில் ரத்தம் கசிந்தது. பஞ்சு வைத்துக் கட்டினால் நிற்கும்; மறுநாள் பார்த்தால் துணி மறுபடியும் நனைந்திருக்கும். ஒரு தனியார் மருத்துவமனையில் தட்டணுக்களும், ரத்தம் உறைய ஆகும் நேரத்தை அளக்கும் பி.டி., ஏ.பி.டி.டி. என்ற இரண்டு பரிசோதனைகளும் சரியாக இருப்பதாகச் சொல்லிப் புண்ணுக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். "ரத்தம் உறையாத நோய் ஆண் பிள்ளைகளுக்குத்தானே வரும்" என்று உறவினர்களும் தேற்றினார்கள். எக்ஸ் குரோமோசோமில் உள்ள மரபணுவால் வரும் ஹீமோபிலியாவுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். காரணி 13-இன் முக்கியப் பகுதிக்கான மரபணுவோ 6-ஆம் குரோமோசோமில் இருப்பதால், இந்தக் குறைபாடு ஆண், பெண் பார்ப்பதில்லை.

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தை மருத்துவர் முதலில் கேட்டதே, "சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்களா?" என்றுதான். அத்தான் எங்கள் அத்தை மகன். தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வந்தால்தான் இந்தக் குறைபாடு வரும்; சொந்தத்தில் கட்டிக்கொண்டால் அதற்கு வாய்ப்பு அதிகம். ஃபைப்ரின் என்ற புரத இழைகள் தோன்றி ரத்தம் உறைந்ததுமே அந்த இரண்டு பரிசோதனைகளும் முடிந்துவிடுகின்றன என்றும், அதற்குப் பிறகு இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் காரணி 13-ஐ அவை அளப்பதே இல்லை என்றும் மருத்துவர் விளக்கினார். முடிச்சுப் போடாத வலை மீனைத் தாங்குமா? யூரியா கரைசலில் இட்ட குழந்தையின் ரத்தக்கட்டி தடமில்லாமல் கரைந்துபோக, பக்கத்துக் குழாயில் ஒப்பீட்டுக்கு வைத்த, குறைபாடு இல்லாத ரத்தத்தின் கட்டி மறுநாளும் உருக்குலையாமல் கிடந்ததை அத்தான் நேரில் பார்த்தார். இவ்வளவு எளிய சோதனையை முதலிலேயே செய்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் உண்டு.

இந்தக் குறைபாட்டில் மூளைக்குள் ரத்தம் கசியும் அபாயம் அதிகம் என்பதால், காயம் படும்வரை காத்திராமல் முன்கூட்டியே கிரையோ (பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த, உறைதல் காரணிகள் உள்ள ரத்தப் பொருள்) ஏற்றுகிறார்கள். ஹீமோபிலியாவுக்கு ஏற்றப்படும் காரணி 8 உடலில் சுமார் 12 மணி நேரத்தில் பாதியாகிவிடும். காரணி 13 பாதியாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றினாலே போதுகிறது.

அக்கா இப்போது மறுபடியும் கர்ப்பமாக இருக்கிறார். பிள்ளைக்கு இந்தக் குறைபாடு வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று என்று மருத்துவர் சொன்னதை வைத்து, "மூத்தவளுக்கு வந்தாயிற்று, அடுத்த மூன்றுக்கும் பயமில்லை" என்று அத்தை கணக்குப் போட்டார். ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் அந்த வாய்ப்பு புதிதாகத்தான் தொடங்கும் என்பதை அவருக்குப் புரியவைக்கப் பெரும்பாடாகிவிட்டது. பெற்றோர் இருவரிடமும் உள்ள மரபணு மாற்றம் ஏற்கெனவே தெரிந்திருப்பதால், வயிற்றில் உள்ள குழந்தைக்கும் அது இருக்கிறதா என்று அறிய நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்கும் பரிசோதனைக்கு அக்கா சம்மதித்திருக்கிறார்.