மறக்காதே என்றவள் மறந்த கதை: ‘அவதார்’ சித்திரக்கதைகள் குறித்து

குடமுருட்டிக்கரை:

நண்பர்களுக்கு வணக்கம். நீர், நிலம், நெருப்பு, காற்று ஆகியவற்றை அசைக்கும் ஆற்றல் பெற்றோர் வாழும் கற்பனை உலகைப் பற்றிய ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ என்ற அமெரிக்க அசைபடத் தொடர் 2008 ஜூலையில் 61ஆம் அத்தியாயத்தோடு முடிந்தபோது, சிறையில் கிடக்கும் தந்தையான நெருப்பு நாட்டு முன்னாள் மன்னன் ஓசாயிடம் மகன் ஜுக்கோ கேட்ட ‘என் தாய் எங்கே?’ என்ற கேள்வி விடையின்றியே நின்றது. தஞ்சாவூரில் விடுதி அறை ஒன்றில், ஒரே கணினியைச் சுற்றி எட்டுப் பேர் நெருக்கியடித்துக்கொண்டு அதைப் பார்த்தோம். அந்த இடத்தை மட்டும் மூன்று முறை திரும்பப் போட்டுப் பார்த்தது நினைவிருக்கிறது.

ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கழித்து, 2013இல், டார்க் ஹார்ஸ் நிறுவனம் ‘தி சர்ச்’ என்ற தலைப்பில் மூன்று பாகச் சித்திரக்கதையாக விடையை வெளியிட்டது. நாடு கடத்தப்பட்ட தாய் உர்சா, பிள்ளைகளைப் பிரிந்த துயரம் தாங்காமல், முகங்களின் அன்னை என்னும் ஆவியிடம் வேறு முகம் வாங்கிக்கொண்டு, பழைய நினைவுகளையும் துறந்து, சொந்த ஊரிலேயே முன்னாள் காதலன் இக்கெமுடன் ஒரு பெண் குழந்தையைப் பெற்று நிம்மதியாக வாழ்ந்திருக்கிறாள் என்பதுதான் அந்த விடை.

தொலைக்காட்சித் தொடரில், பிரியப்போகும் இரவில் ஜுக்கோவை எழுப்பி அவள் சொல்வது என்ன? எது எப்படி மாறினாலும் நீ யார் என்பதை மறந்துவிடாதே என்பதுதானே? அவனைக் கடைசிவரை நிமிர்த்தி வைத்த சொல் அது. சொன்னவளே தான் யார் என்பதை வேண்டிக் கேட்டு மறந்தாள் என்று எழுத எப்படி மனம் வந்ததோ தெரியவில்லை. இது போதாதென்று, ஜுக்கோ ஓசாயின் மகனே அல்ல என்று ஒரு கடிதம் கிளம்புகிறது. பிறகு அது பொய்க் கடிதம் என்று தெரிகிறது. பிறப்பு ரகசியத்தை வைத்து வாரக்கணக்கில் இழுப்பதற்கு நம் ஊர் நெடுந்தொடர்கள் போதாதா?

காரைக்கால்வாசி:

ஐயா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அது ‘நான் நினைத்த அம்மா கிடைக்கவில்லை’ என்ற வருத்தமாகவே எனக்குப் படுகிறது. அந்தக் கடிதத்தை உர்சா எழுதியது, தன் கடிதங்களைக் கணவன் இடைமறித்துப் படிக்கிறானா என்று அறிவதற்காக. அரண்மனைக்குள் சிறைப்பட்ட ஒரு பெண்ணுக்கு வேறு என்ன வழி இருந்தது? அதன் பலனை மகன் சுமக்க நேர்ந்ததுதான் கொடுமை.

அதற்கு முன் 2012இல் வந்த ‘தி பிராமிஸ்’ கதையையும் சேர்த்துப் பேசுங்கள். நெருப்பு நாட்டுக் குடியேறிகள் அனைவரும் நில நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று போருக்குப் பிந்தைய தலைவர்கள் முடிவெடுக்கிறார்கள். யூ டாவோ நகரத்திலோ நூறு ஆண்டுகளாக இரு நாட்டாரும் கலந்து வாழ்ந்துவிட்டார்கள். மேயரின் மகள் கோரிக்குத் தந்தை நெருப்பு நாட்டவர், தாய் நில நாட்டவர். அவளோ மண்ணை அசைப்பவள். அவள் எந்தக் கப்பலில் ஏற வேண்டும்? 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சி கைமாறிய ஊரில் பிறந்தவள் நான். ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட அண்ணன் தம்பிகளில் ஒருவர் பிரெஞ்சுக் குடியுரிமையும் மற்றவர் இந்தியக் குடியுரிமையும் எடுத்துக்கொண்ட வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. போர் முடிந்த மறுநாள் என்ன நடக்கும் என்பதைத் தொலைக்காட்சித் தொடர் தொடவே இல்லை. தொட்டது சித்திரக்கதைதான்.

குடமுருட்டிக்கரை:

யூ டாவோவைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை. அந்தக் களம் நல்ல களமே. ஆனால் அதற்குள் செல்ல அவர்கள் திறந்த வாசலைப் பாருங்கள். நான் என் தந்தையைப் போல் மாறினால் என்னைக் கொன்றுவிடு என்று ஜுக்கோ கேட்க, தொடரின் நாயகன் ஆங் ஒப்புக்கொள்கிறான். ஓசாயையே கொல்ல மாட்டேன் என்று நான்கு அத்தியாயங்கள் தவித்து, இறுதியில் அவனுடைய ஆற்றலை மட்டும் பறித்து உயிரை விட்டுவைத்தவன் ஆங். அவன் நண்பனைக் கொல்ல வாக்குக் கொடுப்பானா?

வேட்டாறு:

இரண்டு பேரும் கதையை மட்டுமே பேசுகிறீர்கள். எனக்கு ஏமாற்றம் வேறு இடத்தில். அந்தத் தொடரின் உயிர் அசைவில் இருந்தது. நீருக்குத் தை சி, நிலத்துக்கு ஹுங் கார், நெருப்புக்கு வட ஷாவோலின், காற்றுக்குப் பாகுவா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சீனப் போர்க்கலையை அடிப்படையாக வைத்து, கால் வைப்பு முதற்கொண்டு பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். சித்திரக்கதைகளுக்கு வரைந்த குரிஹிருவின் ஓவியங்கள் அழகானவை, முகங்கள் தொடரில் உள்ளபடியே இருக்கின்றன. ஆனால் கட்டத்துக்குள் ஒரு கை நீண்டிருக்கிறது. அடுத்த கட்டத்தில் எதிரி விழுந்து கிடக்கிறான். நடுவில் இருந்த நடனம் எங்கே போயிற்று? ஒவ்வொரு பாகமும் 80 பக்கங்களுக்குள் முடிய வேண்டியிருப்பதால், மௌனமாக நிற்பதற்கும் இடமில்லை.

எங்கள் மெலட்டூர் பாகவத மேளா நாட்டிய நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரகலாத சரித்திரம் தெலுங்கில் நடக்கிறது. கேட்பவர்களில் பலருக்குத் தெலுங்கு தெரியாது. முடிவோ எல்லாருக்கும் தெரியும். கொடுங்கோல் கணவனுக்கும் மகனுக்கும் நடுவில் அகப்பட்ட லீலாவதியாக ஓர் ஆண் வேடமிட்டு ஆடுவதைப் பார்க்க, விடிய விடியப் பாயில் உட்கார்ந்திருக்கிறோம். உர்சாவும் ஏறத்தாழ அதே இடத்தில் நிற்பவள்தான். நரசிம்மம் வந்து போன பிறகு லீலாவதி என்ன ஆனாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அவள் அழுத அழுகையே எனக்குப் போதுமானதாக இருந்தது.

காரைக்கால்வாசி:

நீங்கள் கேட்டதில்லை, ஐயா. லீலாவதிகள் கேட்டிருப்பார்கள்.

மன்னை மேலவீதி:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மறந்துவிடுவது தாய்க்கு அடுக்காது என்று முதல் பதிவில் தொனிப்பதால் எழுதுகிறேன்.

என் சித்தி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் திரும்பி வந்தார். போகும்போது மகனுக்கு இரண்டு வயது. வந்த அன்று அவன் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். கூப்பிடக் கூப்பிட, ‘போட்டோவில் இருக்கிற அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்க’ என்று சொன்னான். சித்தி பெட்டியைத் திறந்து சாக்லேட்டை எடுத்தவர், அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அங்கே இருந்தபோது பிள்ளையின் படத்தைப் பெட்டிக்கு அடியில் கவிழ்த்து வைத்திருந்ததாகவும், பார்த்தால் மறுநாள் வேலை ஓடாது என்றும் பிற்பாடு சொன்னார்.

‘தி சர்ச்’ முடிவில் உர்சா தன் பழைய முகத்தையும் நினைவையும் திரும்பப் பெறுகிறாள் என்பதைக் குடமுருட்டிக்கரை அண்ணன் சொல்லாமல் விட்டுவிட்டார். பின்னர் வந்த ‘ஸ்மோக் அண்ட் ஷேடோ’வில், சின்ன மகள் கியி இந்தப் பழைய முகத்தைக் கண்டு, இது என் அம்மா இல்லை என்று ஒதுங்குகிறாள். அந்தப் பக்கங்களைப் படித்தபோது எனக்கு அரிசி மூட்டைதான் கண்ணில் தெரிந்தது.

குடமுருட்டிக்கரை:

தம்பி, முடிவைச் சொல்லாமல் விட்டது என் தவறுதான். கோபத்தில் எழுதியதால் அந்த இடத்தைத் தாண்டிவிட்டேன். கியி வரும் பக்கங்களை நான் வேகமாகப் புரட்டிப் போனவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘தி சர்ச்’ தந்த கசப்பில், அந்தக் கதையை அரைமனதாகத்தான் வாங்கினேன். உங்கள் சித்தி படத்தைக் கவிழ்த்து வைத்தார், கிழித்துப் போடவில்லை. உர்சா செய்தது எது என்பதில்தான் நான் இன்னமும் நிற்கிறேன். கடித விவகாரத்தில் காரைக்கால் சகோதரி சொன்ன காரணம் நியாயமானதே, ஆனால் அந்த நியாயம் வாசகனுக்குத் தெரிவதற்குள் கதை அவனைப் பலமுறை ஏய்த்துவிடுகிறது.

வேட்டாறு ஐயா மூன்று பாகங்களையும் ஒருசேரப் படித்ததில்லை என்றால், என் பிரதிகளைக் கும்பகோணம் வரும்போது எடுத்து வருகிறேன். கடிதம் வரும் பக்கங்களின் ஓரத்தில் பென்சிலால் திட்டி எழுதி வைத்திருக்கிறேன், அழித்துவிட வேண்டாம்.