எஸ்என் 2011எஃப்ஈ: டார்டிஸ் மாதிரியில் சிலிக்கான் பள்ளம் நீலப்பக்கம் விலகுகிறது

கேள்வி (நிறமாலை_22):
எம்101 விண்மீன் பேரடையில் வெடித்த எஸ்என் 2011எஃப்ஈ என்ற ஐஏ வகைச் சூப்பர்நோவாவின் (வெண்குறுமீன் வெடிக்கும் வகை) உச்ச ஒளி நிறமாலையை (2011 செப்டம்பர் 10) டார்டிஸில் (சூப்பர்நோவா நிறமாலையைக் கணிக்கும் நிரல்) பொருத்துகிறேன். பயிற்சிக் கோப்பின் மதிப்புகளே: வெடித்து 13 நாள், உள் எல்லை (நிரல் ஒளியைக் கிளப்பும் இடம்; விரியும் வேகத்தால் குறிப்பது) 11,000 கி.மீ./வி., வெளி எல்லை 20,000, ஒளிர்வு மடக்கை (சூரிய ஒளிர்வு அலகில்) 9.44. தனிமங்கள் ஆக்சிஜன், மெக்னீசியம், சிலிக்கான், கந்தகம், ஆர்கான், கால்சியம். 6355 ஆங்ஸ்ட்ராம் சிலிக்கான் கோட்டின் உறிஞ்சல் பள்ளத்தின் அடி அளவீட்டில் 6130 ஆங்ஸ்ட்ராம், மாதிரியில் 6090. 3500 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழே மாதிரியில் ஒளி எகிறுகிறது. சிவப்புப்பெயர்ச்சி திருத்தாததாலா?

கோபால்ட்56:
இல்லை. எம்101 விலகும் வேகம் சுமார் 240 கி.மீ./வி. தான், திருத்தினால் 5 ஆங்ஸ்ட்ராம் நகரும். உங்களுக்கு இடிப்பது 40.

பொருள் நம்மை நோக்கி வரும் வேகத்தால் 6355 கோடு நீலப்பக்கம் நகர்கிறது; 6130 என்றால் அந்த வேகம் சுமார் 10,600 கி.மீ./வி. உங்கள் மாதிரியில் 11,000-க்குக் கீழே பொருளே கிடையாது. அப்புறம் பள்ளம் எப்படி அங்கே விழும்? 6122-க்குச் சிவப்புப்பக்கம் அடி வர வழியே இல்லை. உள் எல்லையை 8,500-க்கு இறக்குங்கள்.

நாளும் தவறு. வெடிப்பு ஆகஸ்ட் 23 வாக்கில். செப்டம்பர் 10-க்கு 18 நாள். தொலைவு 6.4 மெகாபார்செக் என்று வைத்தால் உச்ச ஒளிர்வு ஏறக்குறைய 1.2×10⁴³ எர்க்/வினாடி, மடக்கை 9.50. 18 நாளில் 8,500 வேகத்துக்கு ஆரம் 1.3×10¹⁵ செ.மீ.; ஸ்டெபான்–போல்ட்ஸ்மன் விதிப்படி 9,900 கெல்வின். நிரல் காட்டும் உள் எல்லை வெப்பநிலை இதைவிடக் கூடுதலாக வரும், பயப்பட வேண்டாம்: சிதறித் திரும்பி உள்ளே விழும் பாக்கெட்டுகளின் (நிரலில் ஒளியைச் சுமக்கும் ஆற்றல் பொட்டலங்கள்) இழப்பை அது ஈடுகட்டுகிறது. வெப்பநிலை சரிதானா என்று பார்க்க 5972 ஆங்ஸ்ட்ராம் சிலிக்கான் பள்ளத்தை 6355-உடன் ஒப்பிடுங்கள். 5972 அளவுக்கு மீறி ஆழமானால் மாதிரி குளிர்ந்துவிட்டது.

சொந்த அடர்த்திக் கோப்பு என்றால் அது எந்த நேரத்துக்கானது என்று கவனியுங்கள். அடர்த்தி நேரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். 13, 18 குழம்பினால் 2.65 மடங்கு பிசகும்.

அடுக்கு_ஒன்று:
3500-க்குக் கீழே எகிறுவதற்குக் காரணம் இரும்புக் குடும்பமே (இரும்பு, கோபால்ட், நிக்கல்) இல்லாதது. புற ஊதாவை மறைப்பது அந்த ஆயிரக்கணக்கான கோடுகள்தான். ஆனால் முழுவதையும் நிக்கல் என்று போட்டுவிடாதீர்கள். தொடக்க நிக்கல்-56-இல் 18-ஆம் நாள் மிஞ்சுவது 13% மட்டுமே, 78% கோபால்ட், 9% இரும்பு (அரை ஆயுள் 6.1 நாள், 77 நாள்). கோட்டு வினையை (நிறமாலைக் கோட்டில் ஒளி மோதும்போது நடப்பது) ‘ஸ்கேட்டர்’ முறையில் விட்டிருந்தால் ‘மேக்ரோஆட்டம்’ ஆக்குங்கள். விழுங்கிய புற ஊதா வேறு அலைநீளத்தில் வெளியேறுவது அதில் வரும், ‘ஸ்கேட்டர்’ முறையில் வராது.

நிறமாலை_22:
நன்றி. பள்ளம் இடத்துக்கு வந்துவிட்டது. 7000-க்கு மேலே மட்டும் மாதிரி இன்னும் உயரம். மாதிரியின் வரைகோடும் முள்முள்ளாக இருக்கிறது.

கோபால்ட்56:
7000-க்கு மேல் விட்டுவிடுங்கள். உள் எல்லையிலிருந்து கரும்பொருள் ஒளி வருவதாக நிரல் எடுத்துக்கொள்கிறது. உண்மையான ஐஏ வகைச் சூப்பர்நோவாவில் அந்தச் சிவப்புப்பக்கம் அப்படி ஒரு ஒளிக்கோளமே (ஒளி கிளம்பும் தெளிவான பரப்பு) உருவாவதில்லை. அதைச் சரிக்கட்ட ஒளிர்வைக் குறைத்தால் நீலப்பக்கம் கெடும்.

முள்ளுக்குக் காரணம் எண்ணிக்கை. 40,000 பாக்கெட்டை 10,000 அலைநீளக் கட்டங்களில் பிரித்தால் கட்டத்துக்கு 4, இரைச்சல் 50%. கடைசிச் சுற்றுக்கு மட்டும் பாக்கெட்டைக் கூட்டி, மெய்நிகர் பாக்கெட் (இரைச்சலைக் குறைக்க ஒவ்வொரு வினையிலும் அனுப்பும் கூடுதல் பாக்கெட்) 10 வையுங்கள். எல்லாச் சுற்றிலும் கூட்டினால் நேரம்தான் விரயம்.